பென்சில்வேனியா பொதுக்காட்டில் முதல் மான்

பென்சில்வேனியாவில் இரண்டு ஆண்டுகளாக எச்-1பி விசாவில் வேலை பார்ப்பதாகவும், துப்பாக்கியை இதுவரை கையில் பிடித்ததில்லை என்றும், சொந்த நிலமோ வேட்டை தெரிந்த நண்பர்களோ இல்லாத நிலையில் அரசு நிலத்தில் மான் வேட்டைக்குப் போக எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது துப்பாக்கியைப் பற்றித்தான். ஆனால் இந்த விசாவில் இருப்பவன் இதைச் செய்யலாமா என்ற தயக்கமும், கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் அத்தனை பெரிய காட்டில் எங்கே போய் உட்காருவது என்ற திகைப்பும் உங்கள் கேள்விக்குள் தெரிகின்றன. சுட்ட பிறகு என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை. வகுப்புக்கு வரும் புதியவர்களில் அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் அதிகம் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான். துப்பாக்கிக்கு ஒரு பத்தி போதும்.

பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் பதினாறு பருவங்களாக மான் வேட்டைக்குப் போகிறேன், பெரும்பாலும் பொது நிலத்தில். சில ஆண்டுகளாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் தன்னார்வலராக உதவுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. வில் வேட்டையில் என் அனுபவம் சொற்பம். கொலராடோ, வயோமிங் போன்ற மேற்கு மாநில மலைகளில் வேட்டையாடியதே இல்லை. எனவே நான் சொல்வதெல்லாம் கிழக்குப் பகுதிக் காட்டில் வெள்ளைவால் மானை ரைஃபிளால் வேட்டையாடுவதற்கு மட்டும் பொருந்தும்.

முதலில் விசா. அமெரிக்க மத்தியச் சட்டப்படி, எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அதே சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருப்பது. ஆகவே உங்களுக்கான வரிசை இதுதான்: முதலில் வகுப்பு, அடுத்து உரிமம், அதன் பிறகே துப்பாக்கி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். விலை கொடுத்து வாங்குவது மட்டும் 'வைத்திருப்பது' ஆகாது. நண்பரின் துப்பாக்கியைக் கடன் வாங்குவதும், சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பென்சில்வேனியாவின் உரிமம் ஜூலை 1 முதல் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை செல்லும். பருவம் டிசம்பரில் முடிந்துவிட்டது, அடுத்த அக்டோபரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், ஜூலை முதல் அதுவரை உங்கள் வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருப்பதே குற்றமாகிவிடும். ஜூன் கடைசி வாரத்திலேயே கைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். இதுவரை சொன்னது உறுதி. உங்கள் சொந்த ஆவணங்கள், விசா நீட்டிப்பு, கிரீன் கார்டு விண்ணப்பம் ஆகியவற்றோடு இது எப்படிப் பொருந்தும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

இந்தத் தயக்கத்துக்கு இந்த மாநிலத்தில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1909-இல் பென்சில்வேனியா ஒரு சட்டம் இயற்றியது. குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் காட்டு விலங்குகளை வேட்டையாடக் கூடாது, அதற்காக ரைஃபிளோ ஷாட்கன்னோ வைத்திருக்கவும் கூடாது என்றது அது. பாட்சோன் என்ற இத்தாலியர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. இன்று அந்தத் தடை இல்லை. அந்த இத்தாலியருக்கு மூடப்பட்டிருந்த காட்டுக்குள் இன்று நீங்களும் நானும் உரிமத்தோடு நடந்து போக முடிகிறது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் காடு எத்தனை பெரியது என்று பாருங்கள். வேட்டையை நிர்வகிக்கும் மாநில அமைப்பான பென்சில்வேனியா கேம் கமிஷனிடம் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர் நிலம், முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக இருக்கிறது. 'ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்' என்று எண் போட்ட பலகைகளைச் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். முதல் துண்டை 1920-இல் எல்க் மாவட்டத்தில் வாங்கினார்கள். இதுபோக மாநிலக் காடுகள் சுமார் 22 லட்சம் ஏக்கர். வடமேற்கில் அலெகெனி தேசியக் காடு இன்னொரு 5 லட்சம். இவற்றில் நுழைவதற்கு யாருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. கேம் லேண்ட்ஸ் நிலத்தின் பெரும்பகுதி வேட்டைக்காரர்கள் கட்டிய உரிமக் கட்டணத்தில் வாங்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு ரைஃபிளின் மீதும் தோட்டாப் பெட்டியின் மீதும் 11 சதவீதம் வரி விதிக்கப்பட்டு வன உயிர்ப் பராமரிப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது.

ஊரில் வளர்ந்தவர்களுக்கு மான் வேட்டை என்றாலே கள்ளவேட்டைதான். 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். புள்ளிமானைச் சுட்டவனை நான் எந்த விதத்திலும் ஆதரிக்க மாட்டேன். இங்கே நிலைமை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் மான்கள் அநேகமாகத் தீர்ந்தே போயிருந்தன. 1906-இல் மிச்சிகனிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றோ அண்மைப் பருவங்களில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் வேட்டையாடிய பிறகும் மான்கள் குறைந்துவிடவில்லை. ஓநாயும் மலைச் சிங்கமும் இல்லாத காடு இது. மாநிலக் காடுகளில் சில இடங்களில் எட்டடி உயர வேலி கட்டி மானை வெளியே நிறுத்தியிருப்பார்கள். அந்த வேலியருகே ஒரு நாள் போய் நின்று பாருங்கள். உள்ளே ஓக், மேப்பிள் கன்றுகள் இடுப்பளவுக்கு நெருங்கி நிற்கும். வெளியே மான் தின்னாத பெரணிச் செடி மட்டும் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். ஒரு விலங்கைக் கொல்வது சரியா என்பது உங்கள் மனம் முடிவு செய்ய வேண்டியது. என் முடிவுக்குக் காரணங்களில் அந்த வேலியும் ஒன்று.

உரிமம் வாங்குவதற்கு முன் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் இணையத்திலேயே முடிக்கலாம். ஆனாலும் நேரில் நடக்கும் வகுப்புக்குப் போகச் சொல்வேன். துப்பாக்கியின் வாயை எந்நேரமும் பாதுகாப்பான திசையில் வைத்திருப்பதைத் திரையில் படித்தால் பழக்கம் வராது. பக்கத்தில் ஒருவர் நின்று உங்கள் முழங்கையைத் தட்டித் திருத்த வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு உரிமம் மாநிலவாசிக்குச் சுமார் 21 டாலர். அதில் கொம்புள்ள மான் ஒன்றுக்கு டேக், அதாவது சுட்ட மானின் மீது கட்டும் சீட்டு, உண்டு. கொம்பில்லாத மானுக்குப் பகுதிவாரியாகத் தனி உரிமம் தருகிறார்கள். அதையும் தவறாமல் வாங்குங்கள். கொம்புள்ள மானைச் சுட மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பிலாவது மூன்று முனைகள் இருக்க வேண்டும் என்ற விதி 2002 முதல் இருக்கிறது. அரைவெளிச்சத்தில், படபடக்கும் நெஞ்சோடு, கிளைகளுக்கு நடுவே கொம்பின் முனைகளை எண்ணுவது புதியவருக்கு வேண்டாத சோதனை. முதல் மான் பெட்டைமானாக இருக்கட்டும். கறியும் இளசாக இருக்கும், மானின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க உதவுவதும் அதுதான்.

இப்போது துப்பாக்கி. இந்த மாநிலத்தில் தானியங்கி, அரைத் தானியங்கி ரைஃபிள்களால் மானைச் சுடக் கூடாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் போதும். .243 வின்செஸ்டர், 7எம்எம்-08, 6.5 கிரீட்மூர், .308 ஆகிய நான்கு தோட்டா வகைகளில் எதுவும் மானுக்குப் போதுமானது. உதை குறைவாக வேண்டுமென்றால் முதல் மூன்றில் ஒன்றை எடுங்கள். பழைய துப்பாக்கியாக இருந்தாலும் பரவாயில்லை. மிச்சப்படும் பணத்தில் நல்ல காலணியும் தோட்டாவும் வாங்குங்கள். உரிமம் இருந்தால் கேம் லேண்ட்ஸ் சுடுதளங்களைப் பயன்படுத்தலாம். 100 கஜத்தில், மேசையின் மீது வைத்துச் சுடுவதைவிட உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுட்டுப் பழகுங்கள். அந்த நிலைகளில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் ஒவ்வொரு தோட்டாவும் விழ வேண்டும். எத்தனை கஜம் வரை அப்படி விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நான் சுட்ட மான்களில் பெரும்பாலானவை 80 கஜத்துக்குள் நின்றவை.

காட்டுக்குப் போகும் முன் சில விதிகளை மனப்பாடமாக வைத்திருங்கள். ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் மொத்தம் 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சுத் துணி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி இருக்க வேண்டும். மானின் கண்ணுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரிவதில்லை. நீல நிறம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஆரஞ்சால் வேட்டை கெடும் என்ற கவலை வேண்டாம், நீல ஜீன்ஸைத்தான் வீட்டில் விட்டுவர வேண்டும். ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் துப்பாக்கியோடு வேட்டையாடக் கூடாது. வண்டிக்குள் தோட்டா போட்ட ரைஃபிள் கூடாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் நேரம். ரைஃபிள் பருவம் 2019 முதல், நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கான பழைய தடையை நீக்கும் சட்டம் 2025-இல் வந்தது. எந்தெந்த ஞாயிறு என்பதைக் கமிஷன் அறிவிக்கும், அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் அலுவலகம் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

இனி எங்கே போவது என்ற கேள்வி. செப்டம்பர், அக்டோபரில் துப்பாக்கி இல்லாமல் போங்கள். அப்போதும் ஓர் ஆரஞ்சு மேற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வில் வேட்டைக்காரர்கள் காட்டில் இருப்பார்கள். வீட்டிலேயே வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய் போன்ற இடத்தையும், சரிவின் பாதியில் வரும் சமதளத் திட்டையும், சில ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டி இப்போது புதராக மீண்டுவரும் பகுதியின் ஓரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மானும் நம்மைப் போலத்தான், ஏறுவதற்கு எளிதான வழியைத் தேடும், மறைவு விட்டு வெகுதூரம் போகத் தயங்கும். பிறகு நடந்து போய்ப் பாருங்கள். முதல் ஆண்டு நான் ஒரு பாதையைக் கண்டு அதில் உட்கார்ந்தேன். நான்கு நாளும் அணில்களைத்தான் பார்த்தேன். அது ஆகஸ்டில் மான் நடந்த பாதை. நவம்பரில் அதற்கு அங்கே வேலையே இல்லை. தடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அது ஏன் அங்கே வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

பெரும்பாலும் சாப்பிடத்தான் வந்திருக்கும். வெள்ளை ஓக் மரத்தின் கொட்டை ஒரே ஆண்டில் முதிர்ந்து விழும், துவர்ப்பு குறைவு. சிவப்பு ஓக்கின் கொட்டைக்கு இரண்டு ஆண்டு ஆகும், துவர்ப்பு அதிகம். இரண்டும் விழுந்துகிடந்தால் மான் முதலில் போவது வெள்ளை ஓக்குக்குத்தான். இலையின் மடல்கள் வட்டமாக இருந்தால் வெள்ளை, கூராக இருந்தால் சிவப்பு. அப்படி ஒரு வெள்ளை ஓக்கின் அடியில் மண்டியிட்டுப் பாருங்கள். சருகுகள் கிளறிப் புரட்டப்பட்டிருக்கும். பாதியாகக் கடிபட்ட கொட்டை ஓடுகள் கிடக்கும். நடுவில் ஆட்டுப் புழுக்கையைவிடச் சற்று நீண்ட புழுக்கைகள் குவிந்திருக்கும். அதை ஒரு குச்சியால் உடைத்துப் பாருங்கள். கருத்து, ஈரமாக, மினுமினுப்பு மாறாமல் இருந்தால் நேற்றிரவோ இன்று காலையோ போட்டது. வெளுத்து உதிர்ந்தால் அந்த விருந்து முடிந்துவிட்டது, வேறு மரம் தேடுங்கள். ஒரு மரம் காய்த்து அடுத்த மரம் காய்க்காமல் போகலாம். எனவே சென்ற ஆண்டு யாரோ மான் சுட்ட இடம் என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதமில்லை.

இடத்தைக் கண்ட பிறகு காற்று. மான் நம்மைப் பார்த்தால் ஒருவேளை நின்று யோசிக்கும், மோந்துவிட்டால் யோசிக்காது. காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வீசும்படி உட்கார வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. மலைப்பகுதியில் இன்னொன்றும் உண்டு. வெயில் ஏறும்போது சரிவில் காற்று மேலே ஏறும், மாலையில் குளிரும்போது பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே காலையில் நல்ல இடமாக இருந்தது மாலையில் கெட்ட இடமாகிவிடும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இங்கே சாலையோரங்களில் மில்க்வீட் என்ற செடி வளர்கிறது. நம் ஊர் எருக்குக்கு இது உறவு. செப்டம்பரில் காய் வெடிக்கும்போது அதே எருக்கம்பஞ்சு. இரண்டு காய்களைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பஞ்சைப் பறக்கவிட்டால், முப்பது நாற்பது கஜம் வரை அது மிதந்து போவது தெரியும். இடதுபுறம் போகும் என்று நினைத்தது, பாறைக்கு அருகில் சுழன்று, நேராக மான் வரும் என்று எதிர்பார்த்த பள்ளத்தில் இறங்கும். அப்படி நடந்தால் எழுந்து இடம் மாறிவிடுவேன். சிறுவயதில் வாயால் ஊதி விளையாடிய பஞ்சு இப்படி உதவும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பொது நிலத்தில் ஆட்கள் கூட்டமாக இருப்பார்களே என்று பயப்படாதீர்கள். பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அரை மைலுக்கு மேல் போவதில்லை. அதைத் தாண்டினால் காடு அமைதியாகிவிடும். ஆனால் தனியாளாக நீங்கள் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதைக் கணக்கிடாதீர்கள், எவ்வளவு தூரம் ஒரு மானை இழுத்துவர முடியும் என்பதைக் கணக்கிடுங்கள். குடல் நீக்கிய பிறகும் ஒரு நடுத்தர மான் 45, 50 கிலோ இருக்கும். மேசை வேலை பார்க்கும் உடம்போடு ஏற்றத்தில் அதை இழுத்து மாரடைப்பு வந்தவர்கள் உண்டு. முதல் பருவத்தில் முக்கால் மைலுக்கு மேல் போகாதீர்கள், முடிந்தால் திரும்பும் வழி இறக்கமாக இருக்கும்படி பாருங்கள். மரத்தில் கட்டும் பரண் முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன். வேட்டையில் பலத்த காயம் படுபவர்களில் அதிகம் பேர் பரணிலிருந்து விழுந்தவர்கள்தான். ஏறியே தீர்வதானால் தரையிலிருந்து கால் எடுக்கும் நொடியிலிருந்து உடல்வார் கட்டியிருக்க வேண்டும். தரையில், பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவது போதும். பின்னாலிருந்து வரும் தோட்டாவையும் அந்த மரம் தாங்கும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. என் இரண்டாவது பருவத்தில், ஒரு மாலை, 70 கஜத்தில் ஒரு பெட்டைமான் வந்தது. பக்கவாட்டில் நிற்கவில்லை, சற்றே என்னை நோக்கித் திரும்பியிருந்தது. காத்திருந்தால் திரும்பியிருக்கும். நான் காத்திருக்கவில்லை. வெடித்ததும் அது துள்ளி ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் போனது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, பதற்றத்தில் பத்து நிமிடத்திலேயே பின்னால் போனேன். சருகில் இருந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தது, அதில் பச்சையாக ஏதோ கலந்து, மூக்கருகே கொண்டுபோனால் புளித்த புல்லின் வாடை. அது என்ன சொல்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் முந்நூறு கஜம் போனபோது, எனக்கு முன்னால் அது படுத்த இடத்திலிருந்து எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு சொட்டு இரத்தம் கூட இல்லை. மறுநாள் மதியம் ஓர் ஓடைக்கரையில் அதைக் கண்டேன். கொயோட்டி என்ற காட்டு நாய்கள் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தன. அந்த மான் இரவு முழுவதும் பட்ட வேதனைக்கு நான் மட்டுமே காரணம். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை.

அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். மான் முழுப் பக்கவாட்டாகவோ, முகம் உங்களைவிட்டு விலகியபடி சற்றே திரும்பியோ நிற்கும்போது மட்டும் சுடுங்கள். முன்னங்காலின் பின்புறமாக, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே குறி. அங்கே நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. பின்னால் மேடோ மண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள், வானம் தெரிந்தால் சுடாதீர்கள். சுட்டதும் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றி, மான் கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனத்தில் பதியுங்கள். கண்ணெதிரே விழாவிட்டால் அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். பிறகு அது நின்ற இடத்துக்குப் போய் இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பெரும்பாலும் 100 கஜத்துக்குள் விழுந்துகிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், மூன்று நான்கு மணி நேரமாவது பொறுங்கள். பச்சை கலந்திருந்தால் குடல். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பி, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து வாருங்கள். விரட்டாவிட்டால் அது அருகிலேயே படுத்துவிடும். 2018-இல் வந்த சட்டம், காயம்பட்ட மானை வாரில் கட்டிய மோப்ப நாயோடு தேடுவதை இங்கே அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட நாய் வைத்திருப்பவர் ஒருவரின் தொலைபேசி எண்ணைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். அன்று எனக்கு அப்படி யாரையும் தெரியாது.

மான் கிடைத்ததும் நகர்த்துவதற்கு முன் டேக்கை எழுதிக் காதில் கட்ட வேண்டும், பத்து நாளுக்குள் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கேயே குடலை எடுத்துவிட வேண்டும், சூடு உள்ளே நின்றால் கறி கெட்டுவிடும். கையுறை, மூன்று நான்கு அங்குலக் கத்தி, கொஞ்சம் கயிறு போதும். கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க, இரண்டு விரல்களால் வயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்து மெல்லக் கீறுங்கள். குடலும் சிறுநீர்ப் பையும் கிழியாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே கையை விட்டு மூச்சுக்குழலை எட்டிய அளவு மேலே அறுத்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். ஊரில் ஆடு உரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பார்த்திராதவர்கள் இரண்டு மூன்று காணொளிகளை முன்கூட்டியே பாருங்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், கை நடுங்கும், அது இயல்பு. வீட்டில் வெட்ட இடமில்லையென்றால் மான் வெட்டித் தரும் கறிக்கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. உங்களுக்குத் தேவைக்கு மேல் இருந்தால் பசித்தவர்களுக்கு மான் கறி சேர்க்கும் 'ஹன்டர்ஸ் ஷேரிங் த ஹார்வெஸ்ட்' அமைப்பு இந்த மாநிலத்தில் 1991 முதல் இருக்கிறது. விற்பது மட்டும் சட்டப்படி கூடாது.

சமைப்பதைப் பற்றிக் கொஞ்சம். மான் கொழுப்பு மெழுகைப் போல நாக்கில் ஒட்டும், அதையும் தசையின் மேல் உள்ள வெள்ளிச் சவ்வையும் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். காட்டு வாடை என்று சொல்வதில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. முதுகெலும்பின் இருபுறமும் உள்ள சதையைக் குழம்பில் போட்டு வீணாக்காதீர்கள், இரும்புச் சட்டியில் மிளகும் உப்பும் போட்டுச் சுட்டெடுங்கள். கால் தசையும் கழுத்தும் குழம்புக்கும் சுக்காவுக்கும் அருமை. என் மனைவி தொடைக்கறியை மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவி, உலர்த்தும் மின்கருவியில் உப்புக்கண்டம் போடுகிறார். கொழுப்பில்லாத கறி என்பதால் அது ஆட்டுக்கறியைவிட நன்றாக வருகிறது.

சந்தேகத்துக்குரிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். மான்களைத் தாக்கும் நாள்பட்ட நலிவு நோய் பென்சில்வேனியாவில் 2012 முதல் இருக்கிறது. அது மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றும் இல்லை. தொற்றவே தொற்றாது என்று யாரும் உத்தரவாதம் தரவும் இல்லை. நோய் மேலாண்மைப் பகுதிகளில் தலையைப் போட்டுவிட்டு வர கமிஷன் பெட்டிகள் வைத்திருக்கிறது, சோதனை இலவசம். முடிவு வரும்வரை நான் அந்தக் கறியைத் தொடுவதில்லை. நோய் இருப்பதாக வந்தால் சாப்பிடாதீர்கள் என்பதே மத்தியச் சுகாதார அமைப்பின் அறிவுரை. ஈயத் தோட்டா சிதறி, காயத்திலிருந்து அரை அடிக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கறியில் தங்குவது எக்ஸ்ரேயில் காணப்பட்ட உண்மை. அதைச் சாப்பிடுவோருக்கு எவ்வளவு கேடு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் நான் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டேன். நிலவின் நாளைப் பார்த்து மான் நடமாடும் என்ற கணக்கையும், உடல் வாடையை ஒழிப்பதாகச் சொல்லும் விலையுயர்ந்த ஆடைகளையும் பொறுத்தவரை, என் பதினாறு பருவக் குறிப்பேட்டில் அவற்றுக்கு ஆதரவாக எதுவும் இல்லை. உண்ணியைப் பற்றிச் சந்தேகமே இல்லை. உண்ணி பரப்பும் லைம் நோய் இங்கே மிகப் பரவலானது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த உடையை அணியுங்கள், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள்.

உங்கள் கேள்வி ஜூன் மாதத்தில் வந்திருப்பது நல்லது. நேரடி வகுப்புகள் கோடையின் முடிவில் நிரம்பிவிடும், இந்த வாரமே பதிவு செய்யுங்கள். உரிமமும் கொம்பில்லாத மானுக்கான டேக்கும் ஜூலையில். சுடும் பயிற்சி ஆகஸ்டில். செப்டம்பரில் எருக்கம்பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு நான்கு வாரக்கடைசிகளாவது நடந்துவிடுங்கள். எந்த மாவட்டத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதினால், அங்கே வரைபடத்தில் எந்தச் சரிவை முதலில் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.